அயர்லாந்துக்காக அழுதவர்

அவர் அழுதால் அது நடிப்பு இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதையாக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது. ஓநாயைக் கல்லெடுத்து விரட்டிவிடலாம். இவர் நெஞ்சிலிருந்து அழுவார். மூக்கு நுனி முதலில் சிவக்கும். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைப்பார். கைக்குட்டையை மடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "மன்னிச்சுக்க கண்ணு, வயசாயிப்போச்சு" என்பார். நானும் பெரிய மனுஷி மாதிரி "பரவால்லீங்க சார்" என்று சொல்லித் தண்ணீர் ஊற்றிக் கொடுப்பேன். அப்படி ஊற்றிக் கொடுத்த தண்ணீரைச் சேர்த்து வைத்திருந்தால் ஒரு பாத்தி நனைந்திருக்கும்.

யாருக்காக அழுதார் என்று சொன்னால் சிரிப்பீர்கள். நானூறு வருஷத்துக்கு முன்னால் அயர்லாந்தில் நிலத்தைப் பறிகொடுத்த குடியானவர்களுக்காக. அந்த நிலத்தில் கொண்டுவந்து குடியேற்றப்பட்ட ஸ்காட்லாந்துக்காரர்களுக்காகவும் சேர்த்து. மலைமேல் சோளக்காட்டு பஸ் நிறுத்தத்துக்கு எதிரே, அன்னாசிக் கடைக்கும் மிளகு மண்டிக்கும் நடுவில், என்னுடைய ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து அழுவார். பஸ்ஸுக்கு நிற்கிற சனம் எட்டிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, யாராச்சும் தவறிட்டாங்களா?" என்று கேட்கும். "ஆமாங்க, நெறையப் பேரு" என்று நான் சொல்வேன்.

அடிவாரத்துக்காரர். கீழே கிணறு, தென்னந்தோப்பு, மச்சுவீடு எல்லாம் உண்டு. கல்லூரியில் சரித்திரம் நடத்தி ஓய்வு பெற்றவர். மலைமேல் ஆலத்தூர் நாடு என்ற பகுதியில் இருக்கிற எங்கள் ஊரில் அவர் அப்பா வழியாக வந்த மிளகுத் தோட்டம் இருந்தது. ஓய்வு பெற்ற பிறகு அதில் ஒரு ஓட்டு வீடு கட்டிக்கொண்டு தனியாக வந்து தங்கினார். சம்சாரத்துக்கு மலைக்குளிர் ஆகாது என்று கீழேயே இருந்துவிட்டார்கள். எங்கள் வீடு அந்தத் தோட்டத்தின் கீழ்க்கோடியில் இருந்தது. அப்பாவும் அம்மாவும் அவருடைய தோட்டத்தில்தான் வேலை பார்த்தார்கள். 'அவருடைய தோட்டம்' என்று எழுதும்போதே பல்லைக் கடிக்கிறேன். அதற்குப் பிறகு வருகிறேன்.

கீழேயிருந்து வருகிறவன் யாராக இருந்தாலும் மலைக்காரனை 'வா, போ' என்றுதான் பேசுவான். நேற்று முளைத்த வியாபாரி எங்கள் அப்பாவைப் பார்த்து "ஏப்பா, இந்த மூட்டையைத் தூக்கு" என்பான். இவர் அப்படி இல்லை. அப்பாவை "வாங்க, உக்காருங்க" என்பார். நாற்காலியை இழுத்துப் போடுவார். வேலைக்குப் போன முதல் நாள் அப்பா வழக்கப்படி "பண்ணாடி" என்று கூப்பிட்டுவிட்டார். தோட்டத்துக்காரரை வேலைக்காரர்கள் கூப்பிடுகிற வார்த்தை அது. இவர் பதறிப்போய் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அந்த வார்த்தை வேண்டாமுங்க. கேக்கவே கூசுது. சார்னு கூப்புடுங்க, போதும்."

அப்பாவுக்கு வாய் பழகவில்லை. ரொம்ப நாள் 'பண்ணாடி சார்' என்றே கூப்பிட்டார். அம்மாதான் அன்றைக்கே சொன்னாள்: "பேரை மாத்திப்போட்டா ஆச்சா? களைக்கொத்து யாரு கையில இருக்குது, பத்திரம் யாரு பொட்டியில இருக்குதுன்னு பாக்கோணும்." நான் அம்மாவிடம் சண்டைக்குப் போனேன். இப்படியொரு மனுஷரைப் பிடித்துக் குறை சொல்கிறாயே, உன் கண்ணுக்கு நல்லவர்களே தெரிய மாட்டார்களா என்று கேட்டேன்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு பலா மரம் இருந்தது. அம்மா கல்யாணம் ஆகி வந்த புதிதில் கொட்டை போட்டு முளைக்க வைத்தது. ஒரு வருஷம் பழம் நன்றாக விட்டிருந்தது. தானாக விழுந்த ஒரு பழத்தை அம்மா தூக்கப் போனபோது, புதிதாக வந்திருந்த காவல்காரன் கீழே வைக்கச் சொல்லிச் சத்தம் போட்டான். சத்தம் கேட்டு இவர் வெளியே வந்தார். காவல்காரனை அந்த இடத்திலேயே கண்டித்தார். தன் கையாலேயே இன்னும் இரண்டு பழங்களை எடுத்து அம்மாவிடம் கொடுத்து, "இந்த மாதிரி ஒரு நெலமை உங்களுக்கு வந்ததுக்கு நான் வெக்கப்படறேனுங்க" என்றார். கண் கலங்கிவிட்டது. பழம் தூக்கி வந்த அம்மா முற்றத்தில் போட்டுவிட்டு, "எம் மரத்துப் பழத்தை எனக்கே தானம் குடுக்கறாரு. அதுக்கு அழுவை வேற" என்றாள். பழத்தை அரிந்தாள், எங்களுக்கெல்லாம் கொடுத்தாள். அவள் ஒரு சுளை தொடவில்லை.

என் கடைக்கு அவர் வந்தது புத்தகம் எழுதத்தான். வெள்ளைத் தாளில் சின்னச் சின்ன எழுத்தில் எழுதிக் கொண்டுவருவார். நான் கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுக்க வேண்டும். அதுவரை நான் அடித்ததெல்லாம் சாதிச் சான்றிதழுக்கு மனு, மொய் விருந்து அழைப்பு, திருவிழா நோட்டீஸ். புத்தகம் என்றதும் தலைகால் புரியவில்லை. அதுவும் என்ன புத்தகம்! ஸ்காட்லாந்தும் அயர்லாந்தும் பக்கத்துப் பக்கத்து நாடுகள். நடுவில் ஒடுக்கமான கடல். வானம் தெளிந்த நாளில் இந்தக் கரையிலிருந்து பார்த்தால் அந்தக் கரை தெரியும் என்று எழுதியிருந்தார். நம் மலை விளிம்பில் நின்றால் கீழே சேந்தமங்கலத்து விளக்கு தெரிகிற மாதிரியா என்று கேட்டேன். துள்ளிக் குதித்தார்.

"அதேதான் கண்ணு! ஸ்காட்லாந்துலயும் மேட்டு நாடு, தாழ்ந்த நாடுன்னு ரெண்டு இருக்குது. மேட்டு நாட்டுக்காரனும் தீவுக்காரனும் அயர்லாந்துக்காரனும் ஒரே பாஷை பேசுனாங்க. பாட்டுக் கட்டறவங்க ரெண்டு கரையிலயும் போய்ப் பாடுனாங்க. பொண்ணு குடுத்தாங்க, எடுத்தாங்க. தாழ்ந்த நாட்டுக்காரன்தான் இவங்க ரெண்டு பேரையுமே காட்டான்னு சொன்னான்."

"எங்களைச் சொல்றாப்லயே இருக்குதுங்க சார்."

"உங்களுக்காகத்தான் கண்ணு எழுதறேன்."

இதைக் கேட்டால் எவளுக்குத்தான் தலையில் பூ வைத்த மாதிரி இருக்காது? கரண்டு போனால் பேட்டரியில் அடித்தேன். கோடரி பிடித்த தீவுக்காரர்கள் கூலிப் படையாக அயர்லாந்துக்குப் போய், அங்கேயே நிலம் வாங்கி, அங்கேயே பெண் கட்டி, ஒரு தலைமுறையில் அயர்லாந்துக்காரர்களாகவே ஆகிப்போன பகுதியை அடிக்கும்போது எனக்கே சொந்தக்காரர்களைப் பார்த்த மாதிரி இருந்தது. பிறகு ஸ்காட்லாந்து ராஜா இங்கிலாந்துக்கும் ராஜா ஆனான். அதற்கு முன்பே தன் நாட்டுத் தீவு ஒன்றில் தாழ்ந்த நாட்டு ஆட்களைக் குடியேற்றிப் பார்த்திருந்தான். அது சரிப்படவில்லை. அப்புறம்தான் அயர்லாந்தின் வடக்குப் பக்கம் கண் வைத்தான். அங்கே இருந்த தலைவர்கள் கப்பல் ஏறிப் போய்விட்டார்கள். நிலமெல்லாம் ராஜாவுடையது என்று சொல்லி, ஆங்கிலேயர்களுக்கும் ஸ்காட்லாந்துக்காரர்களுக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டான். அங்கிருந்த குடிகளை வெளியேற்ற வேண்டும் என்று உத்தரவு. ஆனால் வந்தவர்கள் பல பேர் வெளியேற்றவில்லை. அவர்களையே வைத்துக்கொண்டார்கள். அவர்கள்தான் அதிக வாரம் கொடுத்தார்கள், வேலையும் செய்தார்கள்.

"பாத்தியா கண்ணு" என்று என்னிடம் சொன்னார், குரல் உடைந்துபோய். "சொந்த மண்ணுலயே கூலிக்காரன் ஆயிட்டான். தெனமும் அந்த மண்ணை மிதிச்சுக்கிட்டு, தன்னுது இல்லைன்னு நெனைச்சுக்கிட்டே உழுவோணும். அந்த வயித்தெரிச்சலை எப்பிடித் தாங்குனானோ!"

நான் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். அன்றைக்குச் சாயந்திரம் அப்பா அவருடைய தோட்டத்தில் மிளகுக் கொடிக்கு உரம் வைத்துவிட்டு, கை காலைக் கழுவிக்கொண்டு, என் கடைக்கு வந்து டீ குடித்தார். எனக்கு அப்போதும் உறைக்கவில்லை.

அடுத்த அத்தியாயத்தில்தான் உறைத்தது. அயர்லாந்தின் பழைய வழக்கத்தில் நிலம் ஒரு ஆளுக்குச் சொந்தம் இல்லையாம். குடும்பக் கூட்டம் முழுவதற்கும் சொந்தம். தலைவன் தன் ஆயுசு வரைக்கும் பார்த்துக்கொள்கிறவன்தான். ஆனால் ராஜாவின் வக்கீல்கள் தலைவனையே முதலாளி என்று வைத்துக்கொண்டார்கள். தலைவன் போனான், அதனால் எல்லாருடைய நிலமும் போனது என்று கணக்கு முடித்தார்கள். இதை அடித்துக்கொண்டிருந்தபோது என் விரல் நின்றுவிட்டது. இது என் பெரியப்பா கதை.

எங்கள் மலையில் மரத்தைக் குத்தகைக்கு விடுவது வழக்கம். பிஞ்சு பிடிக்கும்போதே கீழேயிருந்து வியாபாரி வருவார். இந்த வருஷத்துப் பலா, இந்த வருஷத்து மிளகு என்று பேசி முடிப்பார். பழுத்ததும் ஆளை விட்டு ஏறிப் பறித்துக்கொண்டு போய்விடுவார். மரம் நிற்கிற மண்ணுக்கும் அந்தப் பேச்சுக்கும் சம்பந்தமே கிடையாது. யாரும் எழுதிக்கொள்வதும் இல்லை, வெற்றிலை பாக்கு மாற்றிக்கொள்வதோடு சரி. இவருடைய அப்பாவும் அப்படித்தான் எங்கள் தோட்டத்து மரங்களை வருஷா வருஷம் எடுத்துக்கொண்டிருந்தார். ஒரு வருஷம், எழுத்தில் இருந்தால் நல்லது என்று சொல்லி ஒரு தாள் கொண்டுவந்தார். வீட்டுக்கு மூத்தவர் என்ற முறையில் பெரியப்பா கைநாட்டு வைத்தார். நிலம் பெரியப்பா, அப்பா, அத்தை எல்லாருக்கும் பொது. பெரியப்பா குத்தகை என்று நினைத்து வைத்தார். அது கிரயப் பத்திரம்.

வருஷக்கணக்கில் எங்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஒரு வழியும் இல்லை. நாங்கள் வீட்டில் இருந்தோம், சாமை விதைத்தோம். அவர்கள் வந்து மிளகும் பலாவும் எடுத்துப் போனார்கள். எல்லாம் முன்னால் நடந்த மாதிரியே நடந்தது. இவருடைய அப்பா இறந்து, இவர் ஓய்வு பெற்று, சர்வேயரோடு வந்து நிலத்தை அளக்கக் கயிறு பிடித்தபோதுதான் தெரிந்தது. பெரியப்பா கடைசி வரைக்கும் ஒரே வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருந்தார்: "மரத்தைத்தான் குடுத்தேன். மண்ணை எப்பக் குடுத்தேன்?" சாகும்போதும் அதையே முனகிக்கொண்டுதான் செத்தார். இவர் வந்து மாலை போட்டார், அழுதார். எங்களை யாரும் வெளியே போகச் சொல்லவில்லை. "யாரும் எங்கயும் போவ வேண்டாம். இருக்கறாப்லயே இருங்க. தோட்டத்தைப் பாத்துக்கங்க" என்றார். பெருந்தன்மை என்று ஊரே பேசியது. நானும் பேசினேன்.

அத்தியாயத்தை அடித்து முடித்துத் தாள்களைக் கொடுத்தபோது ஆர்வமாகக் கேட்டார்.

"படிச்சியா கண்ணு? எப்பிடி வந்திருக்குது?"

"எங்க பெரியப்பா கதையாட்டவே இருக்குதுங்க."

வெளியே பஸ் புறப்பட ஹாரன் அடித்தது. அவர் கண்ணாடியைக் கழற்றினார். நான் எதிர்பார்த்தது என்ன தெரியுமா? திடுக்கிடுவார், இத்தனை நாள் தோன்றவில்லையே என்று தலையில் அடித்துக்கொள்வார் என்று நினைத்தேன். தூரத்தில் இருப்பது தெரிகிறவருக்குக் காலடியில் இருப்பது தெரியவில்லை, பாவம், நான்தான் காட்டிக் கொடுத்தேன் என்று பெருமைகூடப் படத் தயாராக இருந்தேன்.

"தெரியும் கண்ணு" என்றார். "எழுதும்போதே தெரியும். உங்க பெரியப்பனை நெனைச்சுத்தான் எழுதுனேன்."

கண்ணாடியை மேசையில் வைத்துவிட்டு அவரே தொடர்ந்தார்.

"அந்த ஸ்காட்லாந்துக் குடியானவன் வாரானே, பொண்டாட்டி புள்ளைகளோட படகுல... அவனா புடுங்குனான்? அவனுக்கு மேல இருக்கறவன் குடுத்தான், வந்தான். அவனும் ஏழைதான், பாவம். அவனாட்டந்தான் கண்ணு நானும். எங்கப்பன் பண்ணுன காரியம் எந் தலையில வந்து உக்காந்துருக்குது. ராத்திரியெல்லாம் தூக்கம் வாரதில்லை."

அழுதார். தோள் குலுங்கக் குலுங்க அழுதார். நான் அன்றைக்கும் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். என் கையை வெட்டிப் போட வேண்டும்.

வீட்டுக்கு நடந்துபோகும்போதுதான் எனக்கு வார்த்தைகள் வந்தன. மறுநாள் வந்ததும் உட்காரக்கூட விடாமல் கேட்டேன். "சார், அந்தக் குடியானவனுக்குத் திரும்பிப் போறதுக்குச் சொந்த ஊர்ல ஒரு முழம் மண்ணு இல்லை. அதனாலதான் படகு ஏறுனான்னு நீங்களே எழுதிருக்கறீங்க. உங்களுக்குக் கீழ தென்னந்தோப்பு இருக்குதுங்களே. நீங்க எப்பிடிங்க அவனாட்டம் ஆவீங்க?"

என்னை அப்படியே பார்த்தார். "பலே கண்ணு! என்ன ஒரு கேள்வி!" என்றார். பேனாவை எடுத்தார், நான் சொன்னதைத் தாளின் ஓரத்தில் எழுதிக்கொண்டார். வந்தேறிகளில் வசதியுள்ளவன் வேறு, வழியில்லாதவன் வேறு என்று ஒரு முழுப் பத்தி பிறகு வந்தது. அதையும் நான்தான் அடித்தேன்.

இதுதான் அந்த மனுஷரின் சுபாவம். எதைச் சொன்னாலும் ஏற்றுக்கொள்வார். சண்டை போடப் போனால் நம் கட்சியில் வந்து நின்றுகொள்வார், அதுவும் நம்மைவிட ஒரு அடி முன்னால். பிடித்துத் தள்ளுவதற்கு எதிரே ஆளே இருக்காது. திட்டினால் தலையைக் குனிந்துகொண்டு இன்னும் திட்டு என்பார். நிலத்தை மட்டும் கொடுக்க மாட்டார். அந்தப் பேச்சு வந்தால், "சட்டம்னு ஒண்ணு இருக்குதே கண்ணு, பையன் இருக்கான், பாகம் இருக்குது" என்று குரல் தணிந்துபோகும்.

பெங்களூரில் இருந்த அந்தப் பையன் மலைத் தோட்டத்தை ஒரு ரிசார்ட்டுக்கு விலை பேசினான். வாங்குகிறவர்களுக்கு வில்லங்கம் இருக்கக் கூடாது. இதில் எங்களுக்குப் பாத்தியம் எதுவும் இல்லை என்று எங்கள் குடும்பத்திலிருந்து விடுதலைப் பத்திரம் வேண்டும் என்றார்கள். கையெழுத்துப் போட்டால் வீட்டையும் காலி செய்ய வேண்டும். அதைக் கேட்டு வாங்க இவரே எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா காப்பி கொடுத்தாள். குடித்தார்.

"என்னால முடியலீங்க" என்றார் அப்பாவிடம். "பையன் ஒத்தைக் கால்ல நிக்கறான். வாங்கறவங்க ரிசார்ட்ல உங்க எல்லாருக்கும் வேலை போட்டுக் குடுக்கறேன்னு சொல்லிருக்கறாங்க. ஒரு கையெழுத்துதானுங்க."

"என்னங்க எழுதிருக்குது?" என்றார் அப்பா.

ஒரு சொல்லை முழுங்காமல் முழுத் தாளையும் வாசித்துக் காட்டினார். அவருடைய அப்பா பெரியப்பாவுக்குச் செய்யாததை இவர் செய்தார். அந்த நேர்மைக்காக இன்றைக்கும் என்னால் அவரை முழுசாக வெறுக்க முடியவில்லை, அதுவும் சேர்ந்துதான் எரிகிறது.

அப்பா யோசிக்கவே இல்லை. "ஏனுங்க சார், இருக்கற பாத்தியத்தை இல்லைன்னு எப்பிடிங்க எழுதறது? பொய்யாவல்லங்க போயிரும்."

இவர் எழுந்து அப்பாவைக் கட்டிக்கொண்டார். "நீங்க சொல்றது நாயமுங்க, நீங்க சொல்றது நாயமுங்க" என்று சொல்லிச் சொல்லி அழுதார். அப்பாதான் அவர் முதுகைத் தடவிக் கொடுத்தார். "அழுவாதீங்க சாமி, விடுங்க சாமி, எல்லாஞ் சரியாப் போயிரும்." வீட்டை விட்டுத் துரத்த வந்தவருக்கு, வீட்டுக்காரர் ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஓங்கி அறைந்து சாத்த வேண்டும் என்று கை பரபரத்தது.

அங்கிருந்து நேராகப் பெரியப்பா மகன் வீட்டுக்குப் போனார். அண்ணன் கையெழுத்துப் போட்டுவிட்டான். அவனுக்கு ரிசார்ட்டில் வாட்ச்மேன் வேலை. கிரயம் மூத்தவர் பெயரில்தானே நடந்தது, அதனால் மூத்தவர் வாரிசு போட்டாலே போதும் என்று வக்கீல் சொல்லிவிட்டார். ஒருவனை வைத்தே ஒருவனை அமுக்குவது எப்படி என்று அந்தப் புத்தகத்தில் பக்கம் பக்கமாக இருந்தது. பிறகு ஒரு காலத்தில் நிலம் இழந்த அயர்லாந்துக்காரர்கள் கலகத்துக்குக் கிளம்பினார்கள். ஆங்கிலேயரைத்தான் அடிக்க வேண்டும், ஸ்காட்லாந்துக்காரர்களைத் தொடக் கூடாது என்று முதலில் சொன்னார்களாம். அந்தப் பேச்சு சில நாள்கூட நிற்கவில்லை. அந்த இடத்தை அடித்தபோது நான் அயர்லாந்துக்காரர்கள்மேல் வருத்தப்பட்டேன். அண்ணன் கையெழுத்துப் போட்ட அன்றைக்கு எனக்கு வருத்தம் எதுவும் வரவில்லை. அண்ணனையும் சேர்த்து எல்லாரையும் நொறுக்க வேண்டும் போல இருந்தது. அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு போய் நாமக்கல்லில் வழக்குப் போட்டார். இடைக்காலத் தடை கிடைக்கவில்லை, வழக்கு மட்டும் வாய்தா வாய்தாவாக இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது.

அந்தச் சமயத்தில்தான் புத்தகம் வெளிவந்தது. கீழே ஒரு கல்யாண மண்டபத்தில் விழா. எனக்கும் அழைப்பு வந்தது. தட்டச்சு செய்ததற்காக மேடையில் பொன்னாடை போர்த்துகிறார்களாம். அம்மா போகாதே என்றாள். நான் போனேன். சொல்ல வேண்டியதைச் சொல்லத்தான் போனேன்.

அவர் ஏற்புரையில் அயர்லாந்துக் குடிகளைப் பற்றிப் பேசினார். முன்வரிசையில் இருந்தவர்கள் கண்ணைத் துடைத்தார்கள். பிறகு அவரே என்னை மேடைக்குக் கூப்பிட்டு, "ரெண்டு வார்த்தை பேசு கண்ணு" என்று மைக்கைக் கையில் கொடுத்தார்.

நான் பேசினேன். ஆலத்தூர் நாட்டில் ஒரு தோட்டம் இருக்கிறது என்று ஆரம்பித்தேன். குத்தகை என்று நினைத்துக் கைநாட்டு வைத்த ஒருவரைப் பற்றிச் சொன்னேன். அந்தத் தோட்டம் இன்றைக்கு யார் கையில் இருக்கிறது என்று கையை நீட்டிக் காட்டினேன். "இந்தப் புஸ்தகத்துல சாருக்கு எல்லா ஊரும் தெரியுதுங்க. எங்க ஊடு மட்டும் காலி பண்ணோணும்" என்றேன். நடுவில் இரண்டு மூன்று இடத்தில் திக்கினேன். மைக்கைக் கீழே இறக்கினேன். ஆயிற்று, இனிமேல் இவரால் தலையை நிமிர்த்த முடியாது என்று நினைத்தேன்.

முதலில் கைதட்டியது அவர்தான். எழுந்து நின்று, கண்ணீர் வழிய, கைதட்டினார். பிறகு மண்டபமே எழுந்து நின்று தட்டியது. தலைமை தாங்கியவர் மைக்கை வாங்கி, "தன்னையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்திக்கொள்ளத் துணிந்த பெருமகன்" என்று அவரைப் புகழ்ந்தார். மறுபடியும் கைதட்டு. பொன்னாடையை எனக்குப் போர்த்தி, போட்டோவுக்கு நிற்க வைத்தார்கள். சாப்பாட்டுப் பந்தியில் ஒரு அம்மாள் என் கன்னத்தைத் தடவி, "என்னமாப் பேசறே சாமி!" என்றார். எந்த வீடு, எப்போது காலி செய்ய வேண்டும், எங்கே போகப்போகிறீர்கள் என்று ஒருவர் கேட்கவில்லை. கேட்பார்கள் என்று நினைத்துப் பந்தி முடிகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தேன்.

மண்டப வாசலில் அவர் என்னிடம் வந்தார். "கண்ணு, இன்னிக்குப் பேசுனதை அப்பிடியே எழுதிக் குடு. ரெண்டாம் பதிப்புல முன்னுரையாப் போட்டறலாம்."

"நெலத்தைக் குடுங்க சார், முன்னுரை தாரேன்" என்றேன்.

"கோவக்காரப் புள்ளை" என்று என் தலையில் கை வைத்துச் சொல்லிவிட்டு, அடுத்தவரைக் கும்பிடப் போனார்.

ஜேசிபி வந்த அன்றைக்கு அவர் மலையில் இல்லை. பார்க்கச் சகிக்காது என்று கீழே போய்விட்டதாக அண்ணன் சொன்னான். நாங்கள் பார்த்தோம், எங்களுக்குச் சகித்தது. அப்பா கூரைத் தகரத்தையும் கதவு நிலையையும் முன்னாலேயே கழற்றி வைத்திருந்தார், அதனால் அவை மிஞ்சின. சோளக்காட்டில் கடைக்குப் பின்னால் ஒரு அறை பிடித்துக் குடிவந்தோம். எங்கள் சமையற்கட்டு இருந்த இடத்தில் இப்போது நீல நிறத்தில் நீச்சல் தொட்டி இருக்கிறது.

இரண்டாம் பதிப்பு தபாலில் வந்தது. பிரித்தேன். முதல் பக்கத்தில் முன்னுரை, கீழே என் பெயர். விழாவில் எடுத்த வீடியோவைப் பார்த்து யாரோ வரி வரியாக எழுதியிருக்கிறார்கள். நான் திக்கித் திணறிய இடங்களைத் திருத்தி, சொற்களை அழகாக்கி வைத்திருந்தார்கள். நீட்டிய விரலை மட்டும் காணவில்லை. 'சார்' என்று நான் சொன்ன இடமெல்லாம் 'ஆதிக்கம்' என்று மாறியிருந்தது.

உடனே போன் போட்டேன். என் குரலைக் கேட்டதுமே அவருக்குத் தொண்டை கம்மியது.

"கோவிச்சுக்காத கண்ணு. உன் கொரலு நாலு பேருக்குப் போய்ச் சேரோணும்னுதான் போட்டேன். அதைப் படிக்கறப்பெல்லாம் எனக்குக் கண்ணுல தண்ணி நிக்க மாட்டேங்குது. உங்க ஊடு இடிஞ்சதை நெனைச்சா..."

"அழுவாதீங்க சார்."

"எப்பிடி கண்ணு அழுவாம..."

"அழுவாதீங்கன்னு சொல்றேன்ல!" பஸ்ஸுக்கு நின்ற சனம் திரும்பிப் பார்த்தது. "நெலத்தை எடுத்துக்கிட்டீங்க. ஊட்டை எடுத்துக்கிட்டீங்க. நான் பேசுன பேச்சையும் எடுத்துக்கிட்டீங்க. அழுவறதையாச்சும் எங்களுக்கு விடுங்க."

அந்தப் பக்கம் மூக்கு உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. நிற்கவே இல்லை. நான் போனை வைத்துவிட்டேன்.